நாய்க்குக் கதை படிக்கும் ஊரிலிருந்து

ஹெல்சிங்கி,
புரட்டாசி முதல் வாரம்.

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு உங்கள் முழங்கால், அத்தையின் சர்க்கரை, தோப்பு மாமரங்கள் எல்லாம் நலமா? "அங்க கோடை முடிஞ்சிருச்சாமே, எப்படி இருக்கு?" என்று போனில் கேட்டீர்கள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் "சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

நம்ம தேவதானத்தில் கோடை சத்தம் போட்டுக்கொண்டுதான் முடியும். கத்திரி கழிந்த கையோடு மலையில் மேகம் இறங்கும். மேல்காற்று மாட்டுக் கொட்டகைத் தகரத்தைத் தூக்கும். சாஸ்தா கோவில் பக்கம் தண்ணி வந்திருச்சு என்று எவனாவது பைக்கில் வந்து சொல்லிவிட்டுப் போவான். சப்பட்டை மாம்பழம் விலை இறங்கி இறங்கி ஒருநாள் கண்ணிலேயே படாது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. தெரியாமல் சம்பளத்தில் பிடித்தம் போடுகிற மாதிரி, பகலில் நாளுக்கு ஐந்தாறு நிமிஷத்தைக் கழித்துக்கொண்டே வருகிறார்கள். ஜூன் மாதம் 19 மணி நேரம் இருந்த பகல், டிசம்பரில் 6 மணி நேரம்கூடத் தேறாது. நம்மூரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடத்தான் வித்தியாசம். அதனால் நாம் வெயிலைத் திட்டுவதோடு சரி.

இந்த மாதம் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்க்க வேண்டும். ஆளுக்கு ரெண்டு கஜம் இடைவெளி விட்டு, கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி நிற்பார்கள். சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், கிடைக்கிற வெயிலைக் குடிக்கிறார்கள். அதுவும் பத்தாமல் சானா. இந்த நாட்டு ஜனத்தொகை 56 லட்சம், சானா 30 லட்சம்! மர அறைக்குள் கல்லைச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றி, 80 டிகிரியில் உட்கார்ந்து, பிர்ச் மர இலைக்கொத்தால் தங்களையே அடித்துக்கொள்கிறார்கள். சித்திரை மாதம் மதியம் ரெண்டு மணிக்கு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் சும்மா கிடைப்பது இது. அடிதான் கிடையாது. கூட்டமாக இருந்தால் அதுவும் உண்டு.

இன்னொன்று கேட்டால் உங்களுக்கு மயக்கம் வரும். இந்த நாட்டில் காடு யாருடையதாக இருந்தாலும், அதில் தானாக விளைகிற பழத்தையும் காளானையும் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். ஆவணி, புரட்டாசியில் குடும்பம் குடும்பமாக வாளியோடு காட்டுக்குப் போகிறார்கள். நட்டு வளர்த்த தோட்டம் இதில் சேராது, பயப்படாதீர்கள். நம்ம பக்கம் இப்படி ஒரு வழக்கம் வந்தால், எது காடு, எது தோப்பு என்று கோர்ட்டில் தீர்ப்பாவதற்குள் மரத்தில் இலைகூட மிஞ்சாது.

குளிருக்கு ஒரு பழைய கோட்டு வாங்கியிருக்கிறேன். எவரோ போட்டுக் கழித்தது. கனம் ஒரு கன்றுக்குட்டி இருக்கும், வாசனையும் ஏறக்குறைய அதேதான். பாண்டியனுக்கு வந்த நஞ்சு தோய்த்த ஆடையைத் தவிர்த்தவர் நம்மூர் சாமி. நச்சாடை தவிர்த்தவரே, இதையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் கையை நுழைத்தேன். இதுவரை அரிப்பு மட்டும்தான்.

இருட்டு கூடக் கூட இவர்கள் புத்தகம் எடுக்க ஆரம்பிக்கிறார்கள். பாராளுமன்றத்துக்கு நேர் எதிரே 'ஓடி' என்று ஒரு நூலகம். சுதந்திரம் வாங்கி நூறு வருஷம் ஆனதற்கு நாடு தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பரிசு. 2018 டிசம்பர் 5-ஆம் தேதி திறந்தார்கள். உள்ளே தையல் மெஷின் இருக்கிறது, சமையலறை இருக்கிறது, பாட்டுப் பதிவு செய்ய அறை இருக்கிறது. புத்தகத்தைத் தள்ளிக்கொண்டு போவது ரோபோ. அத்தை வந்தால் ஜாக்கெட் தைத்து, ரசமும் வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

இதையெல்லாம் மிஞ்சியது வாசிப்பு நாய். இங்கே நூலகங்களில் குழந்தைகள் நாய்க்குக் கதை படித்துக் காட்டுகிறார்கள். அதற்கென்று பழக்கிய நாய். திக்கித் திணறிப் படிக்கிற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்க, நாய் தலையைத் தரையில் வைத்துக் கேட்கிறது. திருத்தாது, சிரிக்காது, "அடுத்த வீட்டுப் பையன் எப்படிப் படிக்கிறான் பாரு" என்று சொல்லாது. இந்த வேலைக்கு நம்ம ராஜபாளையம் நாய் லாயக்குப்படாது. 2005-இல் தபால்தலையில் படம் போட்ட ஜாதிதான், ஆனாலும் காட்டுப்பன்றியை விரட்டிய பரம்பரை. முதல் பத்தியில் ஓர் எழுத்து தப்பினால் பையன் இரண்டாம் பத்தியை மரத்தின் மேலிருந்துதான் படிக்க வேண்டியிருக்கும். இங்கத்துப் பையனுக்கு நாய் வாய்த்தது. எனக்கு நீங்கள் வாய்த்தீர்கள். டீக்கடை பெஞ்சில் என்னைத் தினத்தந்தி படிக்கச் சொல்லி, 'ழ' வராதபோதெல்லாம் நீங்கள் வைத்த குட்டு இன்னும் தலையில் இருக்கிறது.

அந்த டீக்கடையை நினைத்தால் ஒன்று தோன்றுகிறது. ஒரே பேப்பரை நாலு தாளாகப் பிரித்து எட்டுப் பேர் படிக்கிற ஊர் நம்முடையது. ஒருவர் சத்தமாகப் படிப்பார், மூன்று பேர் அங்கேயே செய்தியைத் திருத்தி எழுதுவார்கள். படிப்பில் நமக்குக் குறைச்சல் இல்லை மாமா. வாயை மூடிக்கொண்டு தனியாகப் படிப்பதில்தான் நாம் மோசம். இவர்களுக்குக் குளிர் வாயை மூடிவிடுகிறது. ஆனால் எல்லாவற்றையும் குளிர் கணக்கில் எழுதவும் முடியாது. இங்கே நூலகச் சட்டம் 1928-லேயே வந்தது. நம்ம மதராஸ் மாகாணத்தில் 1948-இல் வந்தது, சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பாடுபட்டு வாங்கியது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். வருஷா வருஷம் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறீர்கள். கட்டின காசுக்கு ஒரு புத்தகமாவது எடுத்தீர்களா? "வெயில்ல எங்கிட்டுப் படிக்க" என்பீர்கள். சாரல் காலத்திலும் நீங்கள் படித்து நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் சித்தப்பா மகன் இங்கே வருகிறான். அவனிடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொடுத்துவிட வேண்டாம். பிளேன் மதுரையைத் தாண்டுவதற்குள் அவனே தின்றுவிடுவான். கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' என் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது, அதைக் கொடுத்துவிடுங்கள். கூடவே வேறு ஏதாவது தடித்த நாவலாக நாலைந்து. நீண்ட ராத்திரிக்குச் சின்னப் புத்தகம் காணாது. மோர் மிளகாயும் சாம்பார்ப் பொடியும் அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். மீதி எடை புத்தகத்துக்கு.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்