கண்ணாடி மாநாடு

அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய கண்ணாடிக் கலைச் சங்கம் மாநாடு கூட்டுகிறது. கலைஞர்கள் உருக்கி ஊதிக் காட்டுவார்கள். சேகரிப்பாளர்கள் பெருந்தொகை கொடுத்து, கண்ணாடி என்று தெரிந்தே கண்ணாடி வாங்குவார்கள். இதற்குப் போய் விமானமா?

ஓப்பநாயக்கவில் பஸ் ஏறி இரத்தினபுரிக் கல் சந்தைக்கு வந்தால் போதும். தெருவோரம்தான் மாநாடு, நுழைவுக் கட்டணம் கிடையாது. நாலாய் மடித்த வெள்ளைத் தாளைப் பிரித்து, "அண்ணே, தோட்டத்துப் பக்கம் கிடைச்ச நீலம், ஒங்களுக்காகத்தான் வச்சிருந்தேன்" என்பார் ஒருவர். வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே உருண்டையாய்க் குமிழி. மோஸ் அளவுகோலில் நீலக்கல்லின் கடினம் 9, கண்ணாடிக்குச் சுமார் 5.5, உதட்டில் வைத்தால் கல் சில்லென்றிருக்கும், கண்ணாடி அவ்வளவு குளிராது. இத்தனையும் தெரிந்தவர் வீட்டு அலுமாரியிலும் ஒரு டப்பா இருக்கும். திறந்து காட்டமாட்டார். பென்சன் எடுத்த கணக்கப்பிள்ளை ஒருவர் மட்டும் காட்டுவார், நிறவாரியாகப் பிரித்து அடுக்கி. 'கலெக்‌ஷன்' என்பார். என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டால், குசினிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாதியைச் சொல்வார்.