இரண்டு வளையக் குன்று

1998இல் பெங்களூர் கோரமங்கலாவில் உள்ள இந்திய நில அளவைத் துறை அலுவலகத்துக்குப் போய், படிவத்தில் கையெழுத்திட்டு ஒரு டோபோஷீட், அதாவது நில அமைப்பு வரைபடத் தாள், வாங்கினேன். எண் 57 ஜி/11. நந்தி மலையும் தொட்டபல்லாபுரமும் அந்தத் தாளில்தான் வருகின்றன. அளவு 1:50,000, தாளில் இரண்டு சென்டிமீட்டர், தரையில் ஒரு கிலோமீட்டர். 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாகப் பழுப்புக் கோடுகள் மலைகளைச் சுற்றியிருக்கும். கோடுகள் நெருங்கி வந்தால் ஏற்றம் கடுமை, இறங்கித் தள்ள வேண்டும். என்னிடம் இருந்தது கியர் இல்லாத சைக்கிள்.

டோபோஷீட் எல்லாம் சொல்லும். நாம் அதில் எங்கே நிற்கிறோம் என்பதை மட்டும் சொல்லாது. அதை ஊர்க்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். சேலத்திலிருந்து வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நான் முழுசாகப் பேசக் கற்ற முதல் கன்னட வாக்கியம், "ஈ தாரி எல்லிகெ ஹோகுத்தெ?" இந்த வழி எங்கே போகிறது? எடக்கெ, பலக்கெ, நேரா (இடப்பக்கம், வலப்பக்கம், நேராக) என்று கைகாட்டிச் சொல்வார்கள். வழி சொன்னவர்களில் பாதிப் பேர் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுக்காமல் விட்டதில்லை. எனக்குக் கன்னடம் வந்தது அந்தத் திண்ணைகளில்தான்.

அப்போதும் வானத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே மழுக்கி வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தவறும். மலைப்பாதையில் பத்தடிக்கு ஒரு கிளை பிரியும், அங்கே நூறு மீட்டர் தவறினால் அடுத்த பள்ளத்தாக்கு. 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தடையை நீக்கினார்கள்; ஒரே இரவில் தவறு இருபது மீட்டருக்குள் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து மஞ்சள் நிற ஜி.பி.எஸ். கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே வரைபடம் கிடையாது, நாங்கள் போன வழி புள்ளிகளாக விழும். வீட்டுக்கு வந்து அந்தப் புள்ளிகளை டோபோஷீட்டில் பென்சிலால் ஏற்றுவோம். மாகளிதுர்கா ரயில் பாதையை ஒட்டி ஓடும் ஒற்றையடிப் பாதை முதன்முதலில் தாளில் விழுந்தபோது, எதையோ கண்டுபிடித்துவிட்டதுபோல இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு அந்தப் புள்ளிகளை எல்லாருக்கும் கொடுக்க முடிந்தது. 2008இல் வந்த கூகுள் மேப் மேக்கரை உருவாக்கியதில் பெங்களூர்ப் பொறியாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தெரு, ஏரி, கோயில் என்று தெரிந்ததை யாரும் வரைபடத்தில் சேர்க்கலாம். 2017இல் அது நின்றது. அதேபோல யாரும் வரையக்கூடிய, 2004இலேயே தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இன்றும் நடக்கிறது. நான் அதில்தான் இருக்கிறேன். இன்று விடிகாலை நாலு மணிக்கு ஹெப்பாளில் கூடி நந்திக்குக் கிளம்பும் பிள்ளைகளின் சைக்கிள் கைப்பிடியில் ஒளிரும் கோடு வானத்திலிருந்து இறங்கியதல்ல. யாரோ வழி கேட்டு, வெயிலில் போய்த் திரும்பிப் போட்டது. அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

போன ஜனவரியில் அண்ணன் மகனை அழைத்துக்கொண்டு காட்டி சுப்ரமண்யா பக்கம் போனேன். கல்லூரியில் சேர்ந்து பெங்களூருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது அவனுக்கு. கைபேசியில் வழியை ஏற்றிக்கொண்டு முன்னால் போனான்.

"சித்தப்பா, இன்னும் நாப்பது மீட்டர் ஏறணும்னு காட்டுது."

எதிரே இரும்புக் கேட். அதற்கு அப்பால் கல்குவாரி. குன்று இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர்.

கருவி பொய் சொல்லவில்லை. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினோரு நாள் சுற்றி ராடாரால் பூமியின் உயரங்களை அளந்தது. இணைய வரைபடங்கள் பலவற்றில் மலைகளின் உயரம் அந்த அளவையிலிருந்து வந்ததுதான். அளந்த நாளில் குன்று இருந்தது. என் டோபோஷீட்டிலும் இருக்கிறது, இரண்டு பழுப்பு வளையங்களாக.

கேட் ஓரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அஜ்ஜியிடம் வழி கேட்டேன். "நேரா ஹோகப்பா, ஆலத மரத ஹத்ர எடக்கெ திருகு" என்றார். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் குன்றின் உச்சியில்தான் ஆடு மேய்த்தாராம். அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"ஹெஸரா? நம்ம குட்ட, அஷ்டெ."

நம்ம குன்று, அவ்வளவுதான்.

அன்று மாலை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதையை ஆலமரத்துப் பக்கம் நகர்த்தினேன், பள்ளத்தைக் குவாரி என்று வரைந்தேன். பெயருக்கான கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. மடிப்புகளில் கிழிந்து டேப் ஒட்டிய டோபோஷீட்டைப் பையன் தரையில் விரித்து அந்த இரண்டு வளையங்களைத் தேடிக் கண்டுபிடித்தான். பென்சில் கேட்டு வாங்கி, நடுவில் தமிழில் எழுதினான்: நம்ம குட்ட.