மெசின் ஆறட்டும்

சித்திரை மாதத்து மத்தியானத்தில், வன்னியில் எங்கள் ஊரான தண்ணீரூற்றில் ஒரு மடிக்கணினி போடுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அது விளங்கும். காலையில் மூடியைத் திறக்கும்போது ஒன்றும் இராது. பத்து மணிக்கு மெல்லிய இரைச்சல் தொடங்கும். கொழும்பு அலுவலகம் சூம் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, பக்கத்திலேயே கணக்குத் தாளும் திறந்திருந்து, ஆளுக்கொரு கட்டத்துக்குள் எல்லாருடைய முகமும் வந்து நிறைந்துவிட்டால், உள்ளேயிருக்கும் விசிறி மூச்சைப் பிடித்துக்கொண்டு சுழலும், விசைப்பலகையின் மேல்வரிசை விரல் வைக்க முடியாமல் சுடும், "அண்ணை, உங்கட பக்கம் மழையோ?" என்று கூட்டத்தில் இருக்கிற பிள்ளையொன்று கேட்கும். மழை ஐப்பசிக்குத்தான் பிள்ளை, இது மெசின் என்று சொல்லிப்போட்டு நான் மைக்கை அடைத்துவிடுவேன். அடைத்தபின் அந்தச் சத்தம் எனக்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது. அதுதான் இந்தக் காலத்துச் சூட்டில் எனக்குப் பிடிபடாத ஒன்று.

ஏனென்றால் எங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் வராத எண்பதுகளில், சூடாகிற யந்திரம் எதுவும் வீட்டுக்குள் வந்ததில்லை. நீர் இறைக்கிற மெசின் கிணற்றடியில் நின்றது, உழவு யந்திரம் வயலில் நின்றது, நெல்லுக் குத்துகிற மில் தன்பாட்டில் சந்தியில் நின்று அதிர்ந்தது. அவற்றின் சத்தம் ஊருக்குப் பொதுவாக இருந்தது. யாருடைய மெசின் இரைகிறது, யாருடையது திக்குகிறது என்று ஊற்றங்கரைப் பிள்ளையாரடியில் நின்றபடியே சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். எல்லாவற்றிலும் இனிமையான சத்தம் ஒன்று இருந்தது. கலியாண வீட்டிலோ சாமத்திய வீட்டிலோ பந்தி முடிந்து, பாய்கள் விரிக்கப்பட்டு, முற்றத்து மேசையில் ரீவியும் வீடியோ டெக்கும் ஏறியபின், வேலிக்கு அப்பால் இருளுக்குள் ஜெனரேற்றர் பிடித்துக்கொள்கிற அந்த முதல் சத்தம். நீங்களும் ஏதாவதொரு முற்றத்தில் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்திருப்பீர்கள்.

எங்கள் பக்கத்தில் டெக் வாடகைக்குக் கொண்டுவருபவர் அயலிலுள்ள முஸ்லிம் ஊரான நீராவிப்பிட்டியைச் சேர்ந்த ஒரு நானா. படத்தின் வசனம் கேட்கவேண்டும் என்பதற்காக ஜெனரேற்றரைக் கிணற்றுக்கும் அப்பால், வாழைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பார், சுற்றிக் கிடுகு சாத்துவார், வயரை மரங்களுக்கூடாக இழுத்துவருவார். விடிய விடியப் படம். ஒரு படம் முடிந்ததும் அவர் எழும்பி டெக்கின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், வாழைகளுக்குப் பின்னால் போய் ஜெனரேற்றருக்குக் கிட்ட அதே கையை நீட்டிப் பார்ப்பார், திரும்பி வந்து, "மெசின் ஆறட்டும்" என்பார். அதற்கு மேல் ஒருவரும் மறுத்துப் பேசுவதில்லை. கலியாண வீட்டுக்காரரும் பேசுவதில்லை.

அந்த ஆறுகிற நேரத்தைப்பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. சத்தம் நின்றவுடன் காதுக்குள் ஒரு வெறுமை வந்து, அது மெல்ல நிரம்பி, சில்வண்டும் தூரத்து நாயும் யாரோ ஒரு குழந்தையின் சிணுங்கலும் திரும்பி வரும். பெற்றோலும் மல்லிகையும் கலந்த ஒரு மணம் காற்றிலே நிற்கும். உள்ளேயிருந்து பிளேன்ரீ வரும், கையில் பனங்கட்டித் துண்டு வரும். அம்மம்மாமார் பார்த்த படத்தை அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே மறுபடி சொல்லுவார்கள், அவர்கள் சொல்கிற கதை படத்தைவிட நியாயமானதாக இருக்கும். மாப்பிள்ளை பக்கமும் பொம்பிளை பக்கமும் பகலில் பேசாத கதையெல்லாம் இருட்டில் பேசிக்கொள்ளும். அந்த முற்றத்தில் பதினைந்து வயதுப் பொடியனாக, மெசின் கெதியாய் ஆறவேணும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டிருந்த என்னை இப்போது நினைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அவனுக்குப் படம்தான் பெரிது. நடுவில் கிடைத்த அந்த அரைமணி நேரம் பெரிதென்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்?

ஒரு விடியற்காலையில் மூன்றாவதாக ஓடிய சிவாஜி படம் முடிய முன்னரே ஜெனரேற்றர் கொதித்து நின்றுவிட்டது. ஆறும்வரை காத்திருந்தோம், அதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது, கசெற் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. முடிவு தெரியாமலே எழும்பிப் பள்ளிக்கூடம் போனோம். அடுத்தமுறை போடுகிறேன் என்று நானா சொன்னார்.

அடுத்தமுறை வரவில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்கள் எல்லாரையும் புலிகள் வெளியேற்றினார்கள், நீராவிப்பிட்டி வெறுமையானது. பக்கத்து ஊரில் விளக்கெரியாத அந்த இரவுகளில் நாங்கள் என்ன பேசினோம் என்று இப்போது யோசித்தால், அதிகம் பேசவில்லை என்பதுதான் நினைவில் வருகிறது. அது மாறாத வலி.

பிறகு போர்க்காலத்தில் எங்களுக்கும் விளக்கில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளானது, மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் வந்தது. வானொலிச் செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் பெடலைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வயரை இழுத்து, மற்றவர்கள் வானொலியைச் சுற்றிக் குந்தியிருப்போம். சுழற்றுகிறவர் களைத்தால் செய்தி மங்கும். உடனே இன்னொருவர் பெடலைப் பிடிப்பார். அன்றைக்குச் சூடானது எங்கள் உடம்புதான், அதற்கு ஆறுகிற நேரம் முறைவைத்துக் கிடைத்தது. மோட்டார் சைக்கிளோ இரண்டு துளி பெற்றோலில் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடும், கக்கும், கொதிக்கும். வழியில் ஏதாவதொரு மருத மர நிழலில் நிறுத்தியே ஆகவேண்டும். முள்ளியவளையிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகிற வழியில் எந்த நிழலில் யாரைச் சந்தித்தேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்லமுடியும்.

கணினி என்பதை நான் கையால் தொட்டது 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு. ஏ9 வீதி திறந்து, பெட்டிபெட்டியாகச் சாமான் வந்த காலம். கணினி அறைக்குள் செருப்புப் போடக்கூடாது, வேலை முடிந்தால் துணி போட்டு மூடவேண்டும், கிரவல் புழுதி உள்ளே போகாமல் யன்னலுக்குச் சீலை கட்டவேண்டும் என்று கோவில் மூலஸ்தானத்துக்குரிய ஒழுங்கெல்லாம் இருந்தன. அந்தக் காலத்துப் பென்ரியம் 4 சில்லுகளில் சில 100 வாற்றைத் தாண்டிச் சூட்டைக் கக்கும். ஒரு குண்டு பல்ப்பைப் பெட்டிக்குள் எரியவிட்டு மூடிவைத்தது போலத்தான். ஆகவே பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவைத்து, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிடுவோம். விசிறிக் காற்று கணினிக்கு, வியர்வை எங்களுக்கு. அதில் ஒருவருக்கும் மனத்தாங்கல் இருந்ததாக ஞாபகமில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. முல்லைத்தீவுப் பட்டினத்திலும் கள்ளப்பாட்டிலும் தப்பியவர்கள் முள்ளியவளைப் பாடசாலைகளில் வந்து நிறைந்தார்கள். நிவாரணத்துக்குப் பெயர் பதிகிற வேலையில் என்னையும் இருத்தினார்கள். யாரோ கொடுத்துவிட்டுப் போன, நல்ல பாரமான ஒரு மடிக்கணினி. மேசை போதாததால் அதைத் துடைமீது வைத்து, பாமினி எழுத்தில் குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர் தொகை, காணாமற்போனோர் தொகை என்று அடித்துக்கொண்டே போனேன். சூடு சாரத்தைத் தாண்டித் துடையில் ஏறும். ஒரு கட்டத்தில் திரை கறுத்து அணைந்துவிடும். அப்போது, வரிசையின் முன்னால் இருக்கிறவரிடம், "கொஞ்சம் பொறுங்கோ, ஆறட்டும்" என்பேன்.

அவர்கள் பொறுப்பார்கள். எழும்பிப் போகமாட்டார்கள். கணினி ஓடும்போது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னவர்கள், அது அணைந்து கிடக்கும்போதுதான் வாய் திறந்தார்கள். காணாமற்போனோர் என்ற கட்டத்தில் 1 என்று அடித்திருந்த ஒரு தாய், அந்த ஒன்றுக்கு என்ன கறி பிடிக்கும், நத்தாருக்கு என்ன உடுப்புத் தைத்தது, காலையில் என்ன சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு ஓடியது என்று சொன்னார். பதிவதற்கு அங்கே கட்டமில்லை. நான் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கணினி சூடாகாத நல்ல கணினியாக இருந்திருந்தால் அன்றைக்கு இன்னும் அதிகம் பெயர்கள் பதிந்திருக்கலாம். அது அடிக்கடி நின்றதை எண்ணி நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

2006இலிருந்து வானத்தில் வண்டு சுற்றியது. ஆளில்லாத வேவு விமானத்துக்கு வன்னிச் சனம் வைத்த பெயர் அது. நாள் முழுக்க, இரவு முழுக்க ஒரே சுருதியில் இரையும். அது இரைந்தால் சற்று நேரத்தில் குண்டு போடுகிற கிபிர் விமானம் வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்போதைய மடிக்கணினியின் விசிறி, உச்ச வேகத்துக்குப் போகுமுன் நடுவேகத்தில் நிற்கும்போது, கிட்டத்தட்ட அதே சுருதியில் நிற்கிறது. என் மனுசி குசினியிலிருந்து ஒருதரம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது வெறும் விசிறிச் சத்தம். அவர்களுக்கு அது அப்படியே இருக்கட்டும்.

போர் முடிந்து மீள்குடியேறியபோது முதலில் தகரக் கொட்டில், பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா உதவியும் எங்கள் கைக்காசும் கடனும் சேர்த்துக் கல்வீடு. பாம்பு வராத, மழை ஒழுகாத, கதவு பூட்டுகிற வீடு. அதன் அருமை மரத்தடியில் படுத்தெழும்பினவர்களுக்குத் தெரியும். ஆனால் மண்சுவரும் கிடுகும் தந்த குளிர்ச்சியை இந்தச் சீமெந்துக் கல்லால் தரமுடியவில்லை. பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவைத்து, இரவு முழுக்க எங்கள்மேல் விடுகிறது. என் மடிக்கணினி கொதிப்பதற்கு இந்த வீடும் ஒரு காரணம் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் முள்ளியவளையில் கணினி திருத்துகிற ஒரு தம்பி.

அடித்தகட்டைக் கழற்றி அவர் காட்டியபோது எனக்கு வயது மறந்துபோனது. விசிறிக்குப் பக்கத்தில் செப்புத் தகடுகளின் இடுக்கெல்லாம் கம்பளி மாதிரிப் புழுதி அடைந்திருந்தது. சில்லுக்கு மேலே பூசியிருந்த பசை காய்ந்து வெடித்திருந்தது. அங்கிருந்து தகடுவரைக்கும் போன தட்டையான செப்புக் குழாய்க்குள் இருப்பது தண்ணீர் என்றார் தம்பி. காற்றை உறிஞ்சியெடுத்த குழாய்க்குள் சில துளி தண்ணீர். அமுக்கம் குறைவு என்பதால் கொஞ்சச் சூட்டிலேயே ஆவியாகி மறுமுனைக்கு ஓடும், அங்கே விசிறிக் காற்றில் குளிர்ந்து திரும்பத் தண்ணீராகும், குழாயின் உட்சுவர் அதை ஊறவைத்துச் சில்லுக்குக் கொண்டுவரும். பின்னர் வாசித்தேன்: 1963இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜோர்ஜ் குரோவர் என்பவர் செய்துகாட்டிய வேலை இது; விண்கலங்களுக்குப் போய், பிறகு எங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. ஊற்றுத் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு இதைவிடச் சந்தோசமான செய்தி என்ன இருக்கமுடியும்!

புழுதியைத் தூரிகையால் தட்டி, புதுப் பசை பூசித் தந்த தம்பி ஒரு புத்திமதியும் சொன்னார்: "அண்ணை, விசிறி அறையில இருக்கிற காத்தைத்தான் இழுத்து ஊதும். அறை முப்பத்தஞ்சு பாகையில கொதிச்சால் உள்ளுக்கு எப்பிடிக் குளிரும்? மெத்தையில வைக்காதையுங்கோ, அடிக்காத்துப் போக இடம் விடுங்கோ, முடிஞ்சால் நிழலுக்குக் கொண்டுபோங்கோ." இன்னொன்றும் சொன்னார். இந்தக் காலத்துச் சில்லு முந்தியதைப்போல அணைந்துவிடாது. 100 பாகையை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்து, மெல்ல மெல்ல ஓடித் தன்னைக் காத்துக்கொள்ளும்.

நல்ல ஏற்பாடுதான். அதனால் மெசின் பிழைத்துவிடுகிறது, வேலையும் நிற்பதில்லை. மணிக்கணக்காக ஒரு வட்டம் திரையில் சுற்றிக்கொண்டிருக்க, நான் அதற்கு முன்னால் எழும்பவும் முடியாமல் முடிக்கவும் முடியாமல் இருக்கிறேன். ஆறுகிற நேரத்தை மெசின் தனக்குள்ளேயே எடுத்துக்கொண்டுவிட்டது, எனக்குத் தரவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாட்டிலே ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்று சனம் பட்ட பாட்டுக்கு நடுவிலும், இருட்டிய ஒழுங்கையில் ஆட்கள் படலையடிக்கு வந்து நின்று கதைத்தார்கள். அந்தத் துன்பம் திரும்ப வரவேண்டாம். அந்தக் கதை திரும்ப வந்தால் நல்லது.

தம்பி சொன்னபடி பின்வளவில், வேம்பின் கீழ் ஒரு கொட்டில் போட்டேன். கிடுகு முடைய இப்போது ஆள் கிடைப்பது அருமை; தேடிப் பிடித்தேன். நான்கு பக்கமும் திறப்பு, மண்தரை, ஒரு மேசை, இரண்டு கதிரை. சோழகம் நேரே உள்ளே வருகிறது. மடிக்கணினிக்குக் கீழே இரண்டு பலகைத் துண்டு வைத்துத் தூக்கியிருக்கிறேன், காலையில் அது இருக்கிறதே தெரியாது. மத்தியானத்தில் மட்டும் பழையபடி இரையும்.

அப்படி இரைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் நானா வந்தார். புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, போர் முடிந்தபின் நீராவிப்பிட்டிக்குத் திரும்பியவர். தாடி முழுக்க நரைத்துவிட்டது. பக்கத்துக் காணிக்கு வேலி அடைக்க ஆள் பார்க்க வந்தவர், கொட்டிலைக் கண்டு உள்ளே வந்து, இருக்காமலே மேசையைப் பார்த்தார். புறங்கையை மடிக்கணினியின் ஓரத்தில் வைத்தார்.

"நிப்பாட்டும் தம்பி. இது ஆறவேணும்."

"நாலு மணிக்கு அறிக்கை அனுப்பவேணும் நானா."

"கொதிக்கக் கொதிக்க ஓட்டினால் நாலு மணிக்கு மெசினும் இராது, அறிக்கையும் இராது."

மூடியை மூடினேன். இரைச்சல் நின்றது. வேம்பில் அணில் கத்துவது கேட்டது. அவர் மற்றக் கதிரையில் இருந்தார். அந்தக் கலியாண வீட்டை நினைவூட்டி, அன்றைக்கு முடியாமல்போன சிவாஜி படத்தின் முடிவு என்ன என்று கேட்டேன். எந்தக் கலியாணம், எந்த வளவு, ஜெனரேற்றர் எந்த வாழைக்குப் பின்னால் நின்றது என்பதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"முடிவை மட்டும் சொன்னால் உமக்கு விளங்காது. பிளேன்ரீ போடச் சொல்லும், முதலில இருந்து சொல்லுறன்."