இறக்கை உண்டு, ஏறினால் பறக்காது

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்கு 2021இல் வந்த டிராகன் நூலில் டிரேக்வார்டன் என்றொரு வீரன் உண்டு. 3ஆம் நிலையிலேயே டிராகன் சாதிக் குட்டி ஒன்று அவனுக்குத் துணையாக வந்துவிடும். 7ஆம் நிலையில் அதற்கு இறக்கை முளைக்கும்; முதுகில் ஏறவும் அனுமதி உண்டு. ஆனால் ஏறி உட்கார்ந்துவிட்டால், அந்த இறக்கையால் பறக்கக் கூடாது! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார். சவாரியும் பறத்தலும் சேர்ந்து கிடைக்க 15ஆம் நிலை வரை பொறுக்க வேண்டும்.

வடிவமைப்பாளருக்கும் அவர் கவலை. ஆள் சீக்கிரமே பறந்துவிட்டால், பாடுபட்டுத் தோண்டி வைத்த பள்ளங்களில் யார் விழுவது? ஆகவே செதிலும் கோரைப்பல்லும் தாராளம், வானம் மட்டும் தவணையில். இத்தனைக்கும் கூடவே வரும் மந்திரவாதி, வேண்டிய மந்திரத்தை 5ஆம் நிலையிலேயே கற்று, டிராகன் ஏதுமில்லாமல் இவன் தலைக்கு மேலே பறந்துகொண்டிருப்பார்.