பதவி உயர்வு இல்லாத துண்டுகள்

மலாக்காவில் எந்தத் தாமானுக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். ஜாசினில் இருக்கிறார், மஸ்ஜிட் தானாவில் இருக்கிறார். அலோர் காஜாவில் ஒரே வரிசை வீட்டில் இரண்டு பேர் இருந்துகொண்டு ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, அரைக்கால் சட்டை, தோளில் நீலத் துண்டு, எதிரே ‘எம்’ எழுத்து நம்பர் பிளேட்டோடு ஒரு பழைய மைவி. அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கும். தாமான் பிள்ளைகளுக்கு அவர் ‘டவல் அங்கிள்’.

காரைக் கழுவித் துடைக்க அவருக்கு முக்கால் மணி நேரம் போதும். மீதி ஞாயிறு முழுக்கத் துடைத்த துண்டுகளுக்குத்தான்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அதனால் அவருடைய துண்டுகளும் பழைய எஸ்டேட் நிர்வாக முறைப்படிதான் நடக்கின்றன. துரைத் துண்டு பெயிண்டை மட்டும் தொடும். கிராணித் துண்டு கண்ணாடிக்கு. மண்டோர் துண்டு உள்ளே டேஷ்போர்டுக்கும் கதவு இடுக்குக்கும். அதற்குக் கீழே உள்ளவை ரிம்முக்கு. கடைநிலை ஊழியர் மோட்டார் சைக்கிள் செயின் துடைப்பவர். பதவி உயர்வு என்ற பேச்சே கிடையாது. இறக்கம் மட்டும் உண்டு. துரைத் துண்டு கை தவறித் தரையில் விழுந்தால் விசாரணை இல்லாமல் அன்றைக்கே ரிம்முக்கு மாற்றம். ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் பெயிண்டில் கோடு விழும் என்பார். அதில் அவர் சொல்வது சரிதான்.

ஆனால் யாருக்கும் வேலை நீக்கம் இல்லை. “இதை நாலா வெட்டினா சட்டி இறக்க ஆகும்ங்க” என்று மனைவி ஒருமுறை கத்திரிக்கோலோடு வந்தார். மனிதர் பதறிப்போனார். தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற காலத்தில், துன் சம்பந்தன் 1960இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் அதில் பங்கு வாங்கிய அப்பாவின் பிள்ளை அவர். “எங்கப்பா துண்டாடலை எதிர்த்தவரு. இந்த வீட்டுல துண்டாடல் கூடாது.” அம்மாள் கத்திரிக்கோலை உள்ளே வைத்துவிட்டு வந்து சொன்னது இங்கே எழுதத் தக்கதல்ல.

துண்டு பிழைக்குமா என்று பார்க்க அவரிடம் இரண்டு சோதனைகள் உண்டு. காய்ந்த துண்டை உள்ளங்கைமேல் மெதுவாக இழுப்பார். காய்ப்பு ஏறிய இடத்தில் இழை மாட்டி இழுத்தால் உயிர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் நோயாளி. அடுத்து, போர்ச் டைல்ஸில் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றித் துண்டால் தடவுவார். நல்ல துண்டு குடித்துவிடும். வேக்ஸ் ஏறிய துண்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே டைல்ஸின் மறுகோடிவரை போகும். அவரும் குனிந்தபடி கூடவே போவார்.

காரணமும் சொல்வார், கேட்காமலே. மைக்ரோஃபைபர் துண்டு பெரும்பாலும் 80 பங்கு பாலியஸ்டர், 20 பங்கு நைலான். ஓர் இழையை 9,000 மீட்டர் நீட்டினாலும் எடை 1 கிராமைத் தொடாது. அந்த இழையையும் பிளந்திருப்பதால்தான் அதன் சந்துகளில் தண்ணீரும் தூசியும் போய் உட்காருகின்றன. வேக்ஸும் சோப்புக் கசடும் சந்தை அடைத்துக்கொண்டால் துண்டுக்கு மூச்சு முட்டும். இந்த மெல்லிழைக்கு வழி திறந்தவர் ஜப்பானியத் தோரே நிறுவனத்தின் மியோஷி ஒகாமோட்டோ. 1970இல் அவர் அதிலிருந்து செய்தது துடைக்கும் துண்டு அல்ல, மெத்தென்ற செயற்கைத் தோல். கல்யாணப் பந்தியில் டவல் அங்கிளின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் பாயசம் வருவதற்குள் இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்துவிடும்.

வைத்தியம் இரண்டு கட்டம். முதலில் கை பொறுக்கும் சுடுதண்ணீரில் கொஞ்சம் திரவ சோப்பு விட்டு ஊறல், அது வேக்ஸுக்கு. பிறகு வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் இன்னொரு ஊறல்; அது சோப்புக் கசடுக்கு. அப்புறம் நுரை நிற்கும்வரை அலசல். தண்ணீர் மட்டும் வாளிக் கணக்குதான், குழாயைத் திறந்துவிட மாட்டார். 1991இல் டுரியான் துங்கால் அணை வறண்டு மலாக்காவே தவித்தபோது தண்ணீர் லாரிக்குப் பின்னால் தோங்கைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். அந்தக் கதையும் பந்தியில் வரும், மோர் பரிமாறும் நேரத்தில்.

துண்டுகளை வேறு துணியோடு சேர்த்து மெஷினில் போடக் கூடாது. முக்கியமாக ‘குட் மார்னிங்’ துண்டோடு கூடவே கூடாது. அதன் பஞ்சு முழுக்க மைக்ரோஃபைபரில் ஏறிக்கொள்ளும். இதை ஏதோ புது விஞ்ஞானம்போல் சொல்வார். லயத்தில் அவருடைய அம்மா, பால் வெட்டப் போட்டுப்போன சட்டையைப் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒருநாளும் ஊறவைத்ததில்லை. கித்தாப் பால் காய்ந்து பிடித்தால் போகாதே!

சாஃப்ட்னருக்குத் தடை. அது இழைமேல் படலமாகப் படிந்து துண்டை ஊமையாக்கிவிடும். துணி மணக்க வேண்டும் என்பது மனைவியின் கட்சி. பாட்டிலை அவர் ஒளித்து வைப்பதும் அம்மாள் கண்டுபிடிப்பதும் நடந்துகொண்டே இருக்கிறது.

மழைக்காலத்தில் துண்டுகளைத் தாமான் முனையிலுள்ள டோபி கடைக்கு எடுத்துப்போவார். மற்றவர்கள் காசைப் போட்டுவிட்டுக் கொப்பி குடிக்கப் போவார்கள். இவர் குறைந்த சூட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு, டிரையர் கண்ணாடிக்கு எதிரே பெஞ்சைப் போட்டுக் காவல் இருப்பார். சூடு கூடினால் இழை கெட்டுவிடும். அதற்கு வினிகரும் கேட்காது, விபூதியும் கேட்காது. டோபிக்கும் சோப்புக்கும் பெட்ரோலுக்கும் ஆன செலவில் புதுத் துண்டே ஒரு கட்டு வாங்கலாம் என்று யாராவது சொன்னால், வயதான அப்பாவை மாற்றச் சொன்னதுபோல் பார்ப்பார்.

போன தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் ஜொகூரிலிருந்து வந்தார்கள். பேரன் மைலோவைக் கவிழ்த்தான். மாப்பிள்ளை சுறுசுறுப்பானவர், கொடியில் கைக்கு எட்டிய துண்டை உருவித் தரையைத் துடைத்துவிட்டார். துரைத் துண்டு. கூடம் முழுக்கச் சத்தம் அடங்கியது. மாப்பிள்ளையாயிற்றே, என்ன சொல்ல முடியும்?

“பரவால்ல மாப்பிள்ளை, பழசுதான்” என்று அதை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வினிகர் வாடை கூடத்துக்கு வந்தது. மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சிவிட்டு ஆசையாகக் கேட்டார்: “அச்சார் போடுறீங்களா அத்தை? போகும்போது ஒரு போத்தல் குடுங்க.”