சுண்டெலிப் பாணரின் தோழர்களும் சிறைப்பிடித்தோரும்: ஓர் ஆய்வு

முன்னுரை

கோட்டை கட்டுகிறவனுக்குக் கல் வேண்டும், சாந்து வேண்டும், பூட்டு வேண்டும், சாட்டை பிடிக்கக் காவலாள் வேண்டும். காவலாளுக்குப் பொழுதுபோக்கு வேண்டும் என்று எந்தக் கோட்டைக்காரனும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. கதைகளில் வரும் சிறைகள் உடைவது இந்த ஒரு வரி விடுபட்டுப்போனதால்தான் என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கமாகும்.

ஆய்வு எல்லை

முதன்மைத் தரவாக இங்கிலாந்து எழுத்தாளர் பிரையன் ஜேக்ஸ் 1993இல் வெளியிட்ட 'மார்ட்டின் தி வாரியர்' புதினமும், துணைமைத் தரவாக அமெரிக்க எழுத்தாளர் கேட் டிகமிலோவின் 'தி டேல் ஆஃப் டெஸ்பரோ' (2003) நூலும் கொள்ளப்படுகின்றன. பின்னது சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தை 2004இல் பெற்றது என்பதால், சுண்டெலி பற்றி ஆராய்வது பெரியவர்களுக்கு அழகா என்ற கேள்விக்கு இங்கு இடமில்லை. தேவைப்படும் இடங்களில் உண்மையான காட்டு விலங்குகளும் சாட்சிக்கு அழைக்கப்படும். பூனைகள் மட்டும் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. அவை யாரையும் சிறைப்பிடிப்பதில்லை. சாப்பாட்டைச் சற்றுத் தள்ளிப்போடுகின்றன, அவ்வளவே.

'பாணர்' என்பதற்கு யாழும் பட்டமும் கட்டாயமில்லை. குரலாலோ கதையாலோ நாடகத்தாலோ பிறரை உட்காரவைத்துக் கேட்கச்செய்யும் எவரும் பாணரே என்பது இவ்வாய்வின் வரையறை. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இந்தக் கதை உலகில் சுண்டெலி நல்லவன், பெரிய எலி கெட்டவன். இதைக் குழப்பிக்கொண்டால் ஆய்வும் விளங்காது, கதையும் விளங்காது.

இயல் 1: வழக்கின் சுருக்கம்

முதன்மைப் புதினத்தில், கடற்கரையில் மார்ஷாங்க் என்றொரு கோட்டை. கட்டுவிப்பவன் பாத்ராங் என்னும் ஸ்டோட். நீண்ட உடல், குட்டைக் கால், எலிகளையும் முயல்களையும் வேட்டையாடும் இனம். கட்டுபவர்கள் அடிமைகள், அவர்களில் ஒருவன் மார்ட்டின் என்ற இளம் சுண்டெலி. அவனுடைய தந்தையின் வாளை பாத்ராங் முன்பே பறித்துக்கொண்டான். எதிர்த்து நின்றதற்காக மார்ட்டின் தண்டிக்கப்படுகிறான்; பிறகு ஃபெல்டோ என்ற அணிலோடும் பிரோம் என்ற சுண்டெலிச் சிறுவனோடும் குழிச்சிறையில் தள்ளப்படுகிறான்.

பிரோமைத் தேடி நூன்வேல் என்ற அமைதியான ஊரிலிருந்து அவனுடைய அக்காள் ரோஸ் வருகிறாள். இனிய குரலுக்குச் சொந்தக்காரியான இவளே நம் பாணர். உடன் வருபவர் கிரம் என்ற அகழெலி. அகழெலி மண்ணைத் துளைக்கிறார், மூவரும் வெளியேறுகிறார்கள். பிறகு கடலில் பிரிகிறார்கள். ஃபெல்டோவும் பிரோமும் போய்ச் சேரும் இடம் நாடோடி நாடகக் குழு ஒன்று. அதில் பல்லாவ் என்ற முயல் தலைமை நடிகர், ரோவனோக் என்ற பேட்ஜர் (வளைக்கரடி) தூண். இந்தக் குழு பின்னால் மார்ஷாங்க் வாசலுக்கே வரப்போகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இயல் 2: தோழர்கள், எடைவாரியாக

தோழர்களை வீரம், விசுவாசம் என்று வகைப்படுத்துவது பழைய முறை. இவ்வாய்வு தராசை நம்புகிறது. சுண்டெலி சுமார் 20 கிராம். அகழெலி 100 கிராம் அளவில். செவ்வணில் 300 கிராம். முயல் மூன்று, நான்கு கிலோ. பேட்ஜர் 10 கிலோவும் அதற்கு மேலும். அதாவது ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பானையில் சூப் குடிக்கும் இரு நண்பர்களில் ஒருவர் மற்றவரைவிட 500 மடங்கு கனமானவர். நாற்காலி செய்த தச்சர் யார் என்று நூல் சொல்வதில்லை.

இனி எதிர்த்தரப்பு. ஸ்டோட்டின் எடை ஏறக்குறைய 300 கிராம். கடற்கரையையே நடுங்கவைத்த கொடுங்கோலன் அரைக் கிலோ தக்காளிக்கு ஈடாக மாட்டான். தோழர் ரோவனோக் ஒருவரே முப்பத்துமூன்று பாத்ராங்குகளுக்குச் சமம். அவர் மெல்ல நடந்துபோய்க் கொடுங்கோலன்மேல் உட்கார்ந்திருந்தால் புதினம் முதல் இருபது பக்கங்களில் முடிந்திருக்கும். அப்படிச் செய்யாமல் அவர் நாடகத்தில் நடிக்கிறார். ஏன்? பலம் இருந்தும் கலையைத் தேர்ந்தார் என்பது ஒரு விடை. பதிப்பாளருக்குப் பக்கம் தேவைப்பட்டது என்பது இன்னொன்று. இரண்டும் ஏற்புடையனவே.

தோழர்களின் இயற்கைக் குணம் வேறு சங்கடம் தருகிறது. இங்கிலாந்தின் காடுகளில் முள்ளெலியைத் தின்பதில் பேட்ஜருக்கு நிகரான விலங்கு இல்லை. ஜேக்ஸின் உலகிலோ இருவரும் விருந்தில் அருகருகே. நம் கிரம் ஐயாவின் இனமும் கறை படிந்ததே. அகழெலி மண்புழுவின் தலைப்பக்கம் கடித்து, சாகாமலும் நகராமலும் ஆக்கி, நிலவறையில் சேமித்துவைக்கும். ஒரே அறையில் நூற்றுக்கணக்கான புழுக்கள் உயிரோடு கிடப்பதுண்டு. இக்கதையில் சிறை நடத்திய முன்னனுபவம் உண்மையில் யாருக்கு இருக்கிறது என்றால், சிறையை உடைக்க வந்தவருக்குத்தான். மண்புழுக்கள் இதுவரை புதினம் எழுதாததால் இது வெளியே வரவில்லை.

இயல் 3: சிறைப்பிடித்தோர்

இவர்களுக்கு மூன்று பொதுக் குறைகள் உண்டு.

முதலாவது, பங்காளிச் சண்டை. பாத்ராங்கின் பழைய கூட்டாளி கேப்டன் ட்ரமுன் க்ளாக், கடற்கொள்ளைக்காரன், அவனும் ஸ்டோட். ஒரு கோட்டைக்கு இரண்டு ஸ்டோட்டுகள் என்றால் காவலில் பாதி உள்ளே பார்க்கும், பாதி வெளியே பார்க்கும். கைதிகளைப் பார்ப்பதற்கு ஆள் மிஞ்சாது.

இரண்டாவது, உளவாளியை நம்புவது. அடிமைகளுக்குள்ளேயே ட்ரூப் என்ற வோல் வகை எலி காட்டிக்கொடுப்பவனாக இருக்கிறான். அவன் எதைக் கேட்டாலும் சொல்வான்; ஆனால் மண்ணுக்கு அடியில் நடப்பது அவன் காதுக்கு எட்டாது.

மூன்றாவதும் முதன்மையானதும் சலிப்பு. சிறைக் கதைகளை எழுதுகிறவர்கள் கைதியின் நாட்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதே சுவரை அதே நாட்களில் பார்த்துக்கொண்டிருப்பவன் காவலனும்தான். கைதிக்காவது தப்பிக்கும் திட்டம் இருக்கிறது; காவலனுக்கு அதுவும் இல்லை.

இயல் 4: பாட்டைக் கேட்டது யார்?

சுண்டெலி பாடுமா என்று ஐயுறுவோர்க்கு விடை: பாடும். 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் திமோத்தி ஹோலியும் சோங்ஷெங் குவோவும், ஆண் சுண்டெலிகள் எழுப்பும் ஒலிகளில் திரும்பத் திரும்ப வரும் வரிசைகள் இருப்பதையும், அவற்றைப் பாட்டு என்றே சொல்லலாம் என்பதையும் காட்டினார்கள். பாட்டுக்கு வேண்டிய உந்துதல் ஒரு பஞ்சுக் குச்சியில் தோய்த்த பெண் சுண்டெலியின் சிறுநீர். கலைக்குத் தூண்டுதல் எங்கிருந்தும் வரலாம். பெண் சுண்டெலிகளும் குரல் எழுப்புகின்றன என்பது பின்வந்த ஆய்வுகளால் தெரியவந்ததால் ரோஸின் தகுதிக்கும் பழுதில்லை. நடு அமெரிக்க மலைக்காடுகளில் ஆல்ஸ்டன் பாடும் சுண்டெலி என்றே ஓர் இனம் உண்டு. அதில் ஒன்று பாடி முடித்ததும் மற்றொன்று முறை தவறாமல் எடுக்கும். மேடை நாகரிகத்தில் இது பல கச்சேரிக்காரர்களுக்கு மேலே.

வீட்டுச் சுண்டெலியின் பாட்டு பெரும்பாலும் மனிதச் செவிக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அந்தப் பாட்டு அங்கிருந்து மேலேதான் தொடங்கும். ஸ்டோட்டின் நெருங்கிய உறவான வீசலின் காதோ 60 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டும். மண்ணுக்குள் வாழும் அகழெலியின் செவி தாழ்ந்த ஒலிகளுக்கே பழகியது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு ஆய்வுலகை அதிரவைக்கக்கூடியது. குழிச்சிறை அருகே நின்று பாணர் பாடினால், காப்பாற்ற வந்த அகழெலிக்குக் கேட்காது. படிக்கும் நமக்கும் கேட்காது. குழிக்குள் கிடக்கும் சுண்டெலிகளைத் தவிர்த்தால், தெளிவாகக் கேட்கக்கூடியவன் சிறைப்பிடித்தவன் ஒருவனே. அவனை எச்சரிப்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. ஆக, பாட்டு தோழர்களுக்கு அனுப்பிய செய்தி என்று இதுவரை கொண்டிருந்த கருத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது. பாட்டின் உண்மையான ரசிகன் எதிரிதான்.

இயல் 5: சலிப்புக் கோட்பாடு

தடை: சிறையை உடைத்தது அகழெலி தோண்டிய வளை, இதில் பாணருக்கு என்ன வேலை?

விடை: ஸ்டோட்டும் வீசலும் தலை நுழைந்தால் உடலையும் நுழைத்துவிடும் இனங்கள். எலிகளையும் அகழெலிகளையும் அவற்றின் வளைக்குள்ளேயே போய்ப் பிடிப்பவை. அவற்றிடமிருந்து தப்பிக்க வளை தோண்டுவது, துரத்துகிறவனுக்கு வழி போட்டுக்கொடுப்பதாகும். வளை பயன்பட வேண்டுமென்றால் அந்நேரம் ஸ்டோட்டின் கவனம் வேறெங்காவது இருக்க வேண்டும். மேலும், அந்த வளை மூவரைத்தான் வெளியேற்றியது. எஞ்சிய அடிமைகளை மீட்கும் வேலையில் இறங்கியவர்கள் நாடகக் குழுவினர். பாத்ராங்கும் க்ளாக்கும் பார்வையாளர்களாகி வாய் பிளந்து உட்கார்கிறார்கள். கூத்தின் மறைவில் மீட்பு வேலை நடக்கிறது. பிரோமோ வேடம் போட்டுக்கொண்டு எதிரிகளுக்கு நடுவிலேயே உலவுகிறான். மதிலை இடிக்க வந்திருந்தால் அம்பு பாய்ந்திருக்கும். கூத்துப்போட வந்ததால் முன்வரிசையில் இடம் பிடிக்கப் போட்டி நடக்கிறது.

துணைமைத் தரவும் இதையே சொல்கிறது. டெஸ்பரோ என்ற சுண்டெலி, அரசர் கித்தாரோடு பாடுவதைக் கேட்க ஆசைப்பட்டு, மறைவிலிருந்து வெளியே வந்து, இளவரசியோடு பேசியும் விடுகிறது. சுண்டெலிகளின் சபை இதைக் குற்றமாக்கி, கழுத்தில் சிவப்பு நூலைக் கட்டி நிலவறைக்கு அனுப்புகிறது. இசை சிறைக்கு அனுப்பியது. வெளியே கொண்டுவந்தது எது? நிலவறைக் காவலர் கிரெகரி வழி தவறாமலிருக்கத் தம் கணுக்காலில் கயிறு கட்டிக்கொண்டு இருட்டில் வாழ்பவர். யார் அங்கே உண்மையான கைதி என்பதை அந்தக் கயிறு சொல்லிவிடும். அவர் டெஸ்பரோவிடம் கேட்பது பணமோ மன்னிப்போ அல்ல, ஒரு கதை. கதை சொன்ன சுண்டெலி அவருடைய உணவுத் தட்டில், கைக்குட்டைக்குள் ஒளிந்து மேலே போய்ச் சேர்கிறது. பூட்டு உடையவில்லை, சுரங்கம் இல்லை, ரத்தம் இல்லை. காவலரின் நெடுநாள் சலிப்பு ஒன்றே கதவு.

இயற்கையில் இது தலைகீழாக நடக்கிறது என்பதுதான் இவ்வாய்வின் சிகரம். உண்மையான ஸ்டோட் ஓர் ஆட்டக்காரர். முயல்கள் மேயும் வெளியில் துள்ளும், சுழலும், தன் வாலையே துரத்தும், குட்டிக்கரணம் போடும். முயல்கள் ஓடாமல் நின்று பார்ப்பதுண்டு. ஆட்டம் நெருங்கி நெருங்கி வந்து ஒரு முயலின் கழுத்தில் முடியும். இது வேட்டைத் தந்திரம் என்பார் ஒரு சாரார். மூக்கினுள் புகுந்து மண்டையோட்டை அரிக்கும் ஒட்டுண்ணிப் புழுவின் தொல்லை தாங்காமல் குதிக்கிறது என்பார் மற்றொரு சாரார். எதுவானாலும், காட்டில் ஆடுபவன் ஸ்டோட், பார்ப்பவன் இரை, நுழைவுக்கட்டணம் உயிர். ஜேக்ஸ் செய்தது இந்த அரங்கைத் திருப்பிப்போட்டது: இரை மேடை ஏறுகிறது, ஸ்டோட் தரையில் உட்கார்கிறான்.

அவருக்கு இது எப்படித் தெரிந்தது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று. லிவர்பூல் நகரத்துக்காரர், மாலுமி, துறைமுகத் தொழிலாளி, பஸ் ஓட்டுநர், போலீஸ்காரர், பால்காரர் என்று சலிப்பூட்டும் வேலைகள் பலவற்றைப் பார்த்தவர், நாட்டுப்புறப் பாட்டுக் குழுவில் பாடியவர், மேடையில் நகைச்சுவை பேசியவர். அதாவது காவலன் பக்கமும் பாணர் பக்கமும் அறிந்தவர். பால் கொண்டுபோன வழியில் பழகிய வேவர்ட்ரீ பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதியதுதான் 1986இல் 'ரெட்வால்' என்று அச்சேறியது. கேட்டுக்கொண்டே இருக்கும் கூட்டத்தை முதல் வாசகர்களாகப் பெற்ற எழுத்தாளர், குரலுக்கு வாளைவிடப் பெரிய பங்கு கொடுத்ததில் வியப்பில்லை.

கோட்பாட்டின் எல்லை

இக்கோட்பாடு எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லாவிட்டால் ஆய்வு நேர்மையாகாது. இறுதிப் போரில் ரோஸ் பாத்ராங்கின் கையால் இறக்கிறாள். அவனை மார்ட்டின் வாளால் முடிக்கிறான். எதிரி பார்வையாளனாக இருக்கும்வரைதான் பாணருக்குக் காவல். ஆட்டம் முடிந்து அவன் எழுந்துவிட்டால், குரலால் கதவைத் திறக்க முடியும், அடியைத் தடுக்க முடியாது. குழந்தைகளுக்கான புத்தகத்தில் இதை மறைக்காமல் எழுதினார் ஜேக்ஸ்.

பரிந்துரைகள்

கோட்டை வைத்திருப்போர் கவனத்துக்கு: பூட்டுக்குச் செலவழிப்பதில் பாதியைக் காவலர்களின் பொழுதுபோக்குக்கு ஒதுக்குக. வாரம் ஒருமுறை உள்ளூர்க் கச்சேரி வைக்கலாம். நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெளியிலிருந்து வரும் குழுவைவிட ஆபத்து குறைவு. வாசலில் வண்டி நிறுத்தி இலவசமாக ஆடிக்காட்டுகிறோம் என்போரிடம் பேட்ஜர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க. கதை சொல்லத் தெரிந்த கைதியை ஒருபோதும் சாப்பாட்டுத் தட்டருகே அனுமதிக்காதீர்.

இவற்றைக் கடைப்பிடித்தால் எந்தச் சுண்டெலியும் எந்தச் சிறையிலிருந்தும் தப்ப முடியாது என்று உறுதியாகக் கூறலாம். கொடுங்கோலர்கள் ஆய்வேடுகளைப் படிக்கும் வழக்கம் மட்டும் இருந்திருந்தால், ஜேக்ஸின் 'ரெட்வால்' தொடர் 22 புதினங்கள் வரை நீண்டிருக்க வழியே இல்லை.