மாமனார் படம், மருமகன் போஸ்டர்

எங்கள் வீட்டில் டிவி நின்றுபோனால் சந்தேகத்தின் பேரில் முதலில் பிடிபடுவது நான்தான். கரண்ட் போனாலும் சரி, தெருவில் பள்ளம் தோண்டி இன்டர்நெட் ஒயரை அறுத்தாலும் சரி, "அந்த டப்பாவுல இவர் என்னமோ பண்ணிட்டார்" என்று மனைவி தீர்ப்பு எழுதிவிடுவாள்.

டப்பா என்பது ராஸ்பெரி பை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சைப் பலகை. முழுக் கம்ப்யூட்டரும் அதன் மேலேயே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகட்டும் என்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்காரர்கள் 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு இதை விற்பனைக்கு விட்டார்கள். பிள்ளைகள் என்ன எழுதினார்களோ தெரியாது, பெரியவர்கள் வாங்கி டிவிக்குப் பின்னால் செருகிப் படம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்த நாள் வருகிற ஒன்றிடம் தினசரி ஒழுங்கை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அம்பத்தூர் ஒரகடத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இது வந்ததற்குக் காரணம் மாமனார். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பென்ஷனுக்கு அடுத்தபடியாக அவருடைய பெரிய சொத்து, ஒரு டிரங்குப் பெட்டி நிறைய விசிடி, டிவிடிகள். பிளேயர் உயிரை விட்டதும் அத்தனையும் அனாதையாகிவிட்டன. எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, 2016இல் வந்த மூன்றாம் மாடல் பை ஒன்றில் கோடி என்கிற மென்பொருளைப் போட்டு, டிவியில் மாட்டினேன். எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டியில் படம் பார்ப்பதற்காக ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள் அது. எக்ஸ்பிஎம்சி என்று இருந்த பெயரை 2014இல் மாற்றிக்கொண்டார்கள். முழுக்க இலவசம். மாமா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாப்பது டன்னுக்கு மேல இருக்கிற அஜேயா டாங்கியை ஸ்டார்ட் பண்ணவன் நான். இது அம்பது கிராம் இருக்குமா மாப்ளே?"

"அதைவிடக் கம்மி மாமா."

அந்த அம்பது கிராமுக்குள் அடங்கியதுதான் எங்களை ஆட்டி வைத்தது. சிவாஜி வசனத்தின் உச்சத்தில் இருப்பார். திரையின் மேல் மூலையில் குட்டியாக ஒரு மஞ்சள் மின்னல் வரும். கொஞ்ச நேரத்தில் ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று தாளம் போடும். அப்புறம் சிவாஜி அப்படியே நிற்பார், வாய் திறந்தபடி.

வைத்தியம் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் "எர்த் சரியில்ல சார்" என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். கீழ் வீட்டுக்காரர், பின்தெரு லேத் பட்டறையில் வெல்டிங் வைக்கும்போது வோல்ட்டேஜ் விழுகிறது என்றார். அம்பத்தூரில் எந்தப் பழுதுக்கும் பக்கத்திலேயே ஒரு பட்டறை கிடைக்கும், பழி போடவும் சரி, பழுது பார்க்கவும் சரி. ஆனால் இந்த அடாப்டர்கள் 100 வோல்ட் முதல் 240 வரை எது வந்தாலும் வாங்கிக்கொண்டு 5 வோல்ட்டைக் கொடுக்கிற ஜாதி. லேத்காரர் நிரபராதி.

பூந்தமல்லியிலிருந்து அண்ணன் மகன் வந்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம். "ஓ.எஸ். கரப்ட் ஆயிருக்கு சித்தப்பா" என்று மெமரி கார்டை உருவி, ஃபார்மட் அடித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினான். அடுத்த ஞாயிறும் வந்தான், பிரியாணி சாப்பிட்டான், ஃபார்மட் அடித்தான். ஞாயிற்றுக்கிழமை ஃபார்மட் என்பது வீட்டில் ஒரு விசேஷமாகவே ஆகிவிட்டது. மின்னல் மட்டும் போகவில்லை.

மாமா இதையெல்லாம் சாய்வு நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் எழுந்து போய்த் தன் பழைய மல்டிமீட்டரை எடுத்து வந்தார்.

"இதுக்கு எவ்ளோ கரண்ட்டு வேணும்?"

"5.1 வோல்ட், ரெண்டரை ஆம்பியர்."

"எங்க தொட்டுப் பாக்கணும்?"

பலகையின் ஓரத்தில் நாற்பது ஊசிகள் உண்டு. நாலாவதில் 5 வோல்ட், ஆறாவது எர்த். மாமா இரண்டையும் தொட்டார். மீட்டர் 4.5 காட்டியது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை மின்னலைக் காட்டும். அது பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் மூளையைக் கழற்றிக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தோம். அடாப்டரில் குறையில்லை. நடுவில் இருந்த கேபிள்தான் திருடன், பிளாட்பாரத்தில் வாங்கிய வகை. கால் ஓம் தடை இருக்கிற ஒயரில் இரண்டு ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். மாமா கட்டிங் பிளேயரால் அதை நறுக்கி, உள்ளே இருந்த செம்பை நகத்தால் பிரித்துக் காட்டினார். "இது ஒயர் இல்ல மாப்ளே, தலைமுடி." ரிச்சி தெருவுக்குப் போய், ஒயர் தடிமனாகச் சேர்ந்தே வருகிற அடாப்டரும், ஹார்ட் டிஸ்க்குக்கென்று தனிக் கரண்ட் எடுக்கும் ஹப் ஒன்றும் வாங்கினோம். அன்றோடு மின்னலும் தாளமும் ஒழிந்தன. பிரியாணி மட்டும் தொடர்கிறது.

இனிக் கரண்டே போகிற நாட்கள். எங்கள் இன்வெர்ட்டரில் லைட்டும் ஃபேனும்தான் ஓடும், டிவிக்கு இடமில்லை. கரண்ட் திரும்பி வந்ததும் பை உடனே எழுந்து டிவி இருக்கிறதா என்று பார்க்கும். டிவி இன்னும் ரிமோட்டுக்காகக் காத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். சரி, டிவியே இல்லை போலும் என்று பை படம் அனுப்புவதையே விட்டுவிடும். அப்புறம் யார் எந்தப் பட்டனை அழுத்தினாலும் கறுப்புத் திரைதான். டிவி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் படத்தை அனுப்பிக்கொண்டே இரு என்று அதன் கான்ஃபிக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தேன். அதற்குள் மனைவியின் சீரியலில் ஒரு கல்யாணம் நின்றுபோயிருந்தது. அதற்கும் காரணம் நான்தான்.

கரண்ட் பிரச்சினைகள் தீர்ந்தபின் கலைப் பிரச்சினை வந்தது. கோடி ஒவ்வொரு கோப்பின் பெயரையும் படித்து, இணையத்தில் தேடி, போஸ்டரும் கதைச்சுருக்கமும் கொண்டுவந்து ஒட்டும். ஆங்கிலப் படங்களுக்குப் பெரும்பாலும் சரியாக ஒட்டிவிடும். தமிழ்ச் சினிமாவின் பெயர்ப் பஞ்சம் அதற்குத் தெரியாது. மாமா 1980இல் வந்த ரஜினியின் 'பொல்லாதவன்' பார்க்க உட்கார்ந்தார். போஸ்டரில் 2007இன் தனுஷ். 1985இன் 'படிக்காதவன்' மேல் 2009இன் தனுஷ். சரி, 1989இன் 'மாப்பிள்ளை'யாவது உண்டா என்றால் அங்கேயும் 2011இன் தனுஷ். அந்த மூன்றும் வந்த காலத்தில் அவர் ரஜினியின் மருமகன் என்பதால், குடும்பச் சொத்து மாற்றிக் கொடுக்கப்பட்டதாகவே பை நினைத்திருக்க வேண்டும். 'பில்லா'வில் அஜித் நின்றார், 'தில்லு முல்லு'வில் சிவா.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "என் படத்துல எல்லாம் மருமகன் மூஞ்சிதான் தெரியுது."

அது யாரைக் குத்தி வந்தது என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. கோப்பின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் வருஷத்தையும் எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். எழுதினேன். மூன்று படத்திலும் ரஜினி திரும்பி வந்தார்.

அக்னி நட்சத்திரத்தில் இன்னொரு கூத்து. டிவி ஸ்டாண்டில் பச்சைப் பலகை அசிங்கமாகத் தெரிகிறதாம். மாமியார் அதற்கு எம்பிராய்டரி போட்ட துணி உறை தைத்து மாட்டிவிட்டார். 80 டிகிரியைத் தாண்டினால் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில், அந்தப் பட்டுப்பூ உறைக்குள், எம்ஜிஆர் வாள் வீசுவது ஸ்லோமோஷனில் தெரிந்தது. உறை இப்போது மிக்ஸிக்குப் போய்விட்டது. மாமியார் என்னிடம் முன்போல் பேசுவதில்லை.

நூறு தொந்தரவு, எதற்கு இது, ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகினால் முடிந்ததே என்று அண்ணன் மகன் கேட்கிறான். மாதாமாதம் பணம் கட்டுகிற இடத்தில் போன வாரம் இருந்த படம் இந்த வாரம் இருப்பதில்லை. மாமாவின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எதுவும் தானாகப் போனதில்லை. எனக்கு அது போதும்.

நீங்களும் இப்படி ஒன்று கட்டப் போவதாக இருந்தால், நல்ல அடாப்டரை முதலில் வாங்குங்கள். பலகையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். கேபிள் வாங்கப் போகும்போது மட்டும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.